முகம் பார்க்கும் காணிக்கை

டோர்டோய் சந்தையில், இரும்புச் சரக்குப் பெட்டியொன்றைக் கணினி பழுதுபார்க்கும் கடையாக்கி உட்கார்ந்திருக்கும் குல்பாராவின் மேசைமேல் சாயங்கால வெயில் சரிந்து, ஆறிப்போன தேநீரைப் பொன்னாக்குகிறது. எதிரே காத்து நிற்கும், கல்யாண வீடியோ எடுக்கும் சகின்பெக்கின் ஹார்ட் டிஸ்க், ஃபார்மேட் ஆக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பழைய கல்யாண வீட்டாருக்கெல்லாம் நகல் கொடுத்தாயிற்று. நாளைக் காலைக் கல்யாணத்துக்கு டிஸ்க் காலியாக வேண்டும். குல்பாரா கேபிளை மாற்றுகிறாள், திறந்திருப்பதையெல்லாம் மூடுகிறாள். டிஸ்க்கை வேறொருவர் பயன்படுத்துகிறார் என்றே கணினி சாதிக்கிறது. "எவ அவ?" என்று அவள் பல்லைக் கடிக்கையில், தகரச் சுவருக்கு அப்பாலிருந்து கோமுஸின் தந்தி ஒலியும் பெண்களின் சிரிப்பும் வருகின்றன. இருவரும் போய் எட்டிப் பார்க்கிறார்கள். குல்பாராவின் இணைய இணைப்பையே பகிர்ந்துகொள்ளும் செருப்புக்கடை ஜூரா, தன் கணினியில் அந்த டிஸ்க் கண்ணில் பட்டதும் யார் கல்யாணத்தையோ திறந்து, பக்கத்துக் கடைப் பெண்களோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அக்கா, மூடுங்க, அழிக்கணும்!" என்கிறான் சகின்பெக். "சும்மா இரு தம்பி, பொண்ணு இன்னும் திரைச்சீலைக்குப் பின்னாலதான் நிக்கிறா. முகம் பாக்காம எப்படி எந்திரிக்கிறது?" என்கிறாள் ஜூரா. செருப்புப் பெட்டிமேல் மிட்டாயும் வாதுமையும் குவிந்திருக்கின்றன. புதுப்பெண் முகம் பார்ப்பவர்கள் வைக்கும் காணிக்கை, வீடியோவுக்கும் உண்டுபோல. "கேமராவுல எத்தனை பொண்ணு முகத்தப் பாத்திருப்பே? ஒருத்திக்காவது வச்சியா?" ஜூரா விடுவதாயில்லை. குல்பாராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சகின்பெக் தலையைச் சொறிந்தபடி, தின்பண்டப் பையிலிருந்து காய்ந்த உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்து வைக்கிறான். திரைச்சீலை விலகுகிறது, பெண்கள் கணினியை நோக்கிக் குனிகிறார்கள். அவன் கொஞ்சம் யோசித்து, பையையே கவிழ்த்து உருண்டைகளையெல்லாம் கொட்டுகிறான்.