நாலு ஓரம்

“யாரைக் கேட்டு என் படத்தை வெட்டினே?”

எடிட்டிங் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் கேமராமேன். ஸ்டுடியோவில் அவருக்கு முக்காலி அண்ணன் என்று பெயர். முக்காலியில் மாட்டின கேமரா ஆடினாலும் ஆடும், அவர் கையில் இருக்கிற கேமரா ஆடாது என்று முதலாளியே வைத்த பெயர்.

அவருக்குப் பின்னால் முதலாளி. முதலாளிக்குப் பின்னால் கல்யாணப் பெண்ணின் அப்பா, வீடியோவைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

“எனக்கு ஒரே தங்கச்சி சார்,” என்றார் பெண்ணின் அப்பா. “எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்துட்டு கல்யாணத்துக்கு வந்தா. பொண்ணு பக்கத்துல வந்து நிக்கறா. வீடியோவுல பாதி மூஞ்சிதான் இருக்கு. வேணும்னே ஒதுக்கிட்டோம்னு மறுபடியும் கோவிச்சுக்கிட்டா.”

எடிட்டர் எழுந்து நின்றாள். நெற்றியில் மூக்குக் கண்ணாடி, முகத்தில் ஒன்றுமில்லை.

“ஆட்டத்தை நிறுத்த டிஜிட்டல் போட்டிருக்கா சார் இந்தம்மா,” என்றார் முக்காலி அண்ணன். “என் லென்ஸுல ஆப்டிகல் இருக்கு. உள்ளே இருக்கற கண்ணாடியே அசைஞ்சு கொடுத்து ஆட்டத்தை வாங்கிக்கும். படத்துல ஒரு நூல் குறையாது. டிஜிட்டல் அப்படி இல்ல. நாலு ஓரத்தையும் வெட்டி வெட்டித்தான் படத்தை நிக்க வைக்கும். ஆடாத படத்துக்கு எதுக்கும்மா அது?”

“பழக்கதோஷம்ணே.”

“நல்ல பழக்கம்! ஒரிஜினலைப் போடு. அவங்க முழுசா இருக்காங்கன்னு இப்பவே காட்டறேன்.”

அவள் மவுஸைத் தொடவில்லை.

“அழிச்சிட்டேன்ணே.”



“ஒரிஜினலை அழிச்சிட்டியா?” முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “என் சர்வீஸ்ல இப்படி ஒரு எடிட்டரைப் பார்த்ததில்ல. இன்னொரு தடவை எவனாவது ஓரம் காணோம்னு வந்தான்னா, நீ வேற எடம் பார்த்துக்கோ.”

“இனிமே நடக்காது சார்.”

முக்காலி அண்ணன் பத்து வருஷமாகக் கூட வேலை பார்க்கிறவர். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து எடுத்த இருட்டுப் படத்தைக் கூட அழிக்க மனசு வராமல் சேர்த்து வைக்கிறவள் அவள். அவளையும் அவள் தொடாத மவுஸையும் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

எல்லோரும் போனதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரிஜினலைத் திறந்தாள்.

அத்தைக்காரி முழுசாகத்தான் இருந்தாள். ஆனால் அவளோடு சேர்த்து ஹால் மொத்தமும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாகவே இப்படித்தான். அண்ணனுடைய வலது கை நடுக்கத்தை அந்த லென்ஸும் முடிந்த மட்டும் தாங்கிப் பார்த்தது. அதையும் மீறிப் போய்விட்டது.

அவருக்கே தெரியுமோ, என்னவோ. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கை ஆடுகிறது என்று போன வருஷம் இன்னொரு கேமராமேனை முதலாளி ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார். அண்ணன் வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவள் அந்த டிஜிட்டல் பொத்தானைத் தட்டிவிடுவாள். ஆட்டம் மெல்ல அடங்கும். கால் தரையில் படாத மாதிரி மனிதர்கள் மிதந்து வருவார்கள். மாப்பிள்ளை மிதப்பான், பூக்கூடை மிதக்கும், சிரிப்புகள் கூட மெதுவாக வந்து சேருகிற மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கமா விழிப்பா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கனவுக்கு விலை, நாலு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம். இந்தத் தடவை அந்த ஓரத்தில் ஓர் அத்தை நின்றுவிட்டாள்.

மறுநாள் பெண்ணின் அப்பாவைத் தனியாக வரச் சொல்லி, அத்தை வருகிற துண்டை மட்டும் ஒரிஜினலாகவே கொடுத்தாள்.

“கொஞ்சம் ஆடும் சார். ஸ்டுடியோவுல யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க.”

“ஆடட்டும்மா. முழுசா இருக்காளே, அது போதும்.”

அடுத்த கல்யாணப் படம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. முக்காலி அண்ணன் மெமரி கார்டை மேஜையில் வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் போனார்.

 பொத்தானைத் தட்டினால் ஓரம் போகும், அவள் வேலைக்கு ஆபத்து. தட்டாவிட்டால் அண்ணன் வேலை போகும்.

படத்தை ஓடவிட்டாள். ஆட்டம் முன்னைவிட அதிகம். ஆனால் வேறு என்னமோ புதிதாக இருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் நட்ட நடுவில் சின்னதாக நின்றார்கள். மேலே வெறும் கூரை. கீழே வெறும் தரை. இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள். அடுத்த படமும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அத்தனை சொந்தமும் நடுவிலேயே; ஒருத்தர் கூட ஓரத்தில் இல்லை. காலி இடத்தைப் படம் எடுப்பவன் கேமராமேனே இல்லை என்று பத்து வருஷமாகச் சண்டை போடுகிற மனுஷர், கல்யாணம் முழுவதையும் நாலடி பின்னால் நின்று எடுத்திருந்தார்.

பொத்தானைத் தட்டினாள். கூரை போனது, காலி நாற்காலிகள் போயின. மனிதர்கள் அத்தனை பேரும் முழுசாக மிதந்து வந்தார்கள்.

கடைசித் துண்டில் கேமரா கீழே இறங்கியது. தரையும் அண்ணனின் செருப்பும்தான் தெரிந்தன. நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து அவள் கையை நீட்டும்போது, ஒரு செருமலும், அதைத் தொடர்ந்து அவர் குரலும் கேட்டன.

“சுத்தி நிறைய இடம் விட்டிருக்கேன்மா. தாராளமா வெட்டிக்கோ.”