அளவு பார்த்தது யார்?

"ஃப்ளூரைடு எலிப் பாஷாணம்! ஊர்த் தண்ணியில விஷத்தைக் கலக்காதீங்க!" என்று தான் எழுதிய பேச்சைச் சமையலறையில் உரக்கப் படித்துப் பார்த்தாள் லோர்னா. பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளூரைடு கலப்பதா, வேண்டாமா என்று மறுநாள் ஆல்டர்வேல் நகர சபையில் விவாதம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் வெண்டல் திரும்பினான். "எலிப் பாஷாணத்தை எடுத்துடு. கூட்டமே சிரிக்கும்."

"பின்ன என்னத்தைச் சொல்ல? அந்தப் பல் டாக்டர் வேற எழுந்து என்னை மடக்குவாரே!"

"மர மில்லுல வேலை செய்யறவன் குடம் குடமா குடிக்கிறான். கைக்குழந்தைக்குப் பால் பவுடரையும் அதே தண்ணியிலதான் கலக்கறோம். ரெண்டு பேருக்கும் அளவு பார்த்தது யாருன்னு கேளு. டாக்டர் திணறுவார்."

மறுநாள் சபையில் லோர்னா அப்படியே கேட்டாள்.

"டாக்டர், உங்க பதில்?" என்றார் தலைவர்.

முன்வரிசையிலிருந்து எழுந்தவன் வெண்டல். ஊருக்கு இருந்த ஒரே பல் டாக்டர் அவன்தான்.

வலியில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளைப் பற்றி உருக்கமாகச் சொன்னான். அளவு விஷயத்தில் மட்டும், "கலக்கறது ரொம்பக் கொஞ்சம், பயமில்லை" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. ஃப்ளூரைடு தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது.

காரில் ஏறியதும் லோர்னா கேட்டாள். "ஏன் சொல்லிக் குடுத்த?"

"உன்னைப் பார்த்து ஊரே சிரிச்சு, அதனால நான் ஜெயிச்சா, வீட்ல உன் முகத்துல எப்படி முழிக்கறது?"

வீட்டு வாசலில் கார் நின்றதும் லோர்னா சொன்னாள்.

"நாளைக்கு கிளினிக்குக்கு நானும் வரேன். அந்தப் பிள்ளைங்களுக்கு இனி நானும்தானே பொறுப்பு."