கடிகாரத்தோடு வந்த ஆறுதல்

மேனேஜருக்கு வேலை போன மூன்றாம் நாள், முன்பு அவரிடம் வேலை பார்த்த மூன்று பேர் துக்கம் விசாரிக்க வருவதுபோல அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

"இதை முடிவுன்னு நினைக்காதீங்க சார், புது ஆரம்பம்னு நினைங்க" என்றார் ஆபீஸ் டிரைவர், கையைப் பிடித்துக்கொண்டு.

"உங்க திறமைக்கு இந்த ஆபீஸ் ரொம்பச் சின்னது சார்" என்றாள் டைப்பிஸ்ட்.

"இனிமேலாவது குடும்பத்தோட நிம்மதியா இருங்க" என்றார் ஸ்டோர் கீப்பர்.

மேனேஜர் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, மூவரும் சிரித்த முகத்தோடு கிளம்பினார்கள்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய் சிடுமூஞ்சின்னு திட்டியிருக்கேனே! எவ்வளவு பாசமா இருக்காங்க பாருங்க."

பொட்டலங்களைப் பிரித்தாள். மூன்றிலும் கம்பெனி பேர் போட்ட ஒரே மாதிரி சுவர்க் கடிகாரம்.

"அட, உங்களை வேலையை விட்டு அனுப்பினப்போ லெட்டரோட குடுத்தாங்களே, அதே கடிகாரம்! இவங்களுக்கு இதை யாருங்க குடுத்தது?"

"நான்தான்" என்றார் மேனேஜர். "கடிகாரம் மட்டுமில்லே, அந்த ஆறுதலும் நான் குடுத்ததுதான்."