ஆய்வகத்தின் ஆரோக்கியமான மனிதர்

எந்தப் புதுப் பரிசோதனையையும் பேராசிரியை ஸ்டெல்லா முதலில் தன் கணவர் அருளப்பனின் ரத்தத்தில்தான் செய்து பார்ப்பாள். முப்பது வருடமாக அவளுடைய ஆய்வகத்துக்கு ஆரோக்கியமான மனிதர் என்றால் அவர்தான். அவள் பணி ஓய்வு பெறும் இன்று, கடைசி வகுப்புக்காகக் காலையில் வெறும் வயிற்றில் அவரிடம் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. ரசாயனத்தை மாற்றி மூன்று முறை பார்த்தாள். ரசாயனத்தின்மேல் பழி போட வழியில்லை.

மதியம் அவளுடைய அறைக்குப் பாயசத் தூக்கோடு அவர் வந்தார். பழக்கதோஷத்தில் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டே, “என்ன புரொஃபசரம்மா, கடைசி நாளும் நான் பாஸா?” என்றார்.

அவள் சட்டைக்கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள். பிறகு தூக்கைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே குடிக்க ஆரம்பித்தாள்.

“அடியே, எனக்குக் கொஞ்சம் வையேன்!”

அவள் நிமிரவேயில்லை.