நேர் மேலே, பன்னிரண்டு இருபது

“நம்ம ஊர் நடுவுல, சரிபாதி தூரத்துல இருக்கு. ஒரு விமானம் பதினோரு மணிக்குக் கிளம்புது, இன்னொண்ணு பதினொண்ணு இருபதுக்கு. அப்புறம் எப்படி தம்பி ரெண்டும் ஒரே நேரத்துல நம்ம தலைக்கு மேல வரும்?”

சட்டைகளின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுக்கும் அக்கா, தையல் ஆலை மெக்கானிக்கிடம் கைபேசியை நீட்டினாள். திரையில் இரண்டு செய்திகள். ஒரு விமானம் கிழக்கிலிருந்து, மற்றது மேற்கிலிருந்து. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டர்.

“வராதே அக்கா. முந்திக் கிளம்பினது முந்தித்தானே போகும்?”

“வரும்னுதான் எழுதியிருக்கு. எத்தனை மணிக்குன்னு நீயே கண்டுபிடின்னு வேற சவால்.”

“அனுப்பினவங்களையே கேளுங்க.”

“போனை அணைச்சு வெச்சிருக்காங்களே.”

மொட்டை மாடிக்குப் போய்வர மேற்பார்வையாளர் ஐந்து நிமிடம்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். நேரம் தப்பினால் வெறும் வானம்தான்.

“விமானத்தை வேடிக்கை பாக்குற வயசா இது?” என்றான் மெக்கானிக்.

“வயசு கிடக்கட்டும், கணக்கைப் பாரு. இன்னிக்கு விட்டா மறுபடி எப்போ அமையுமோ.”

மெக்கானிக் மறுபடி படித்தான். மேற்கிலிருந்து வருவதற்குப் பயண நேரம் இரண்டு மணி. கிழக்கிலிருந்து வருவதற்கு இரண்டு மணி நாற்பது நிமிடம்.

“அட, ஒரே தூரம், நேரம் மட்டும் வேற!”

தைத்த சட்டைகளை நகர்த்தும் பெல்ட்டின் மேல் இரண்டு விரல்களை நடக்கவிட்டான். “பாருங்க, பெல்ட் ஓடுற பக்கம் நடந்தா சட்டுனு போயிடுது. எதிர்ப்பக்கம் நடந்தா, அதே நடைதான், ஆனா இழுக்குது. மேல காத்தும் இப்படி ஒரு பெல்ட்தான், மேற்கேருந்து கிழக்கே ஓடுது.”

“அப்போ நம்ம ஊர் வர?”

“மேற்கேருந்து வர்றதுக்கு ஒரு மணி நேரம். எதிர்காத்துல வர்றதுக்கு ஒரு மணி இருபது நிமிஷம். அதானே முந்திக் கிளம்புது?”

“ஆமா.”

“அப்போ ரெண்டும் பன்னிரண்டு இருபது.”

பன்னிரண்டு பதினெட்டுக்கு மாடி ஏறினார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேற்பார்வையாளரும் பின்னாலேயே வந்தார்.

“காஜா எடுக்கச் சொன்னா ஆகாயத்துல ஓட்டை தேடுறீங்க,” என்றார்.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். இரண்டு திசைகளிலிருந்தும் இரண்டு வெள்ளைக் கோடுகள் எதிரெதிரே நீண்டு வந்தன.

“மோதிக்காதா?” என்றார் மேற்பார்வையாளர், கடிகாரத்தை மறந்து.

“ஒண்ணு முந்நூறு மீட்டர் மேல பறக்கும் சார்,” என்றான் மெக்கானிக்.

நேர் மேலே கோடுகள் சேர்ந்து ஒன்றாயின. அக்கா இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

மேற்பார்வையாளர் சிரித்தார். “எதுக்கு ரெண்டு கை? தெரிஞ்சவங்க யாராவது உள்ள உக்காந்து வர்றாங்களா?”

“ஆமா சார். ரெண்டு பேரையும் ஒண்ணா பாத்து ஒன்றரை வருஷமாச்சு.” அக்கா தலையைத் தாழ்த்தவே இல்லை. “அதை ஓட்டுறது என் பெரிய பொண்ணு. இதை ஓட்டுறது சின்னவ.”