பாதி வேகம்

"பின் சீட்டும் போயாச்சு. இன்னும் எடை குறைக்கலாமா மேஸ்திரி?" என்று கேசவன் உற்சாகமாகக் கேட்டான். கேட்டது மெக்கானிக் பச்சைமுத்துவை, பார்த்தது அப்பாவை.

அப்பா சீனிவாசராகவன், பழைய மோரிஸ் மைனர் காரிலிருந்து கழற்றி வெளியே போட்ட அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். "குறைடா, நன்னாக் குறை. எடை குறைஞ்சாத்தானே வண்டி பறக்கும்?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கிறதுகூட ஒரு வேலையாக இருந்தது அவருக்கு.

நாளை காலை ஊருக்கு வெளியே பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம். பெரிய ஓட்டக்காரர்களுக்கான பந்தயம் இல்லை. சொந்த வண்டி வைத்திருக்கிற யாரும் பேர் கொடுத்து ஓட்டலாம். கேசவன் பேர் கொடுத்திருந்தான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் சாட்சாத் சீனிவாசராகவனேதான். மனைவி கோமளம் கண்ணை மூடியபின் வீட்டில் மிஞ்சியது இரண்டு ஆண்கள், இரண்டு தட்டு. "மோர் வேணுமாப்பா?" "வேண்டாம்டா." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அப்படி இருந்த பிள்ளை, போன வருஷம் ஆபீஸில் யாரோ கொடுத்த பாஸை வைத்துக்கொண்டு அவரைப் பந்தயம் பார்க்க அழைத்துப் போனான். அவன் முகம் கொஞ்சம் மலரட்டுமே என்று அவரும் புழுதியில் எழுந்து நின்று கைதட்டினார், தொண்டை வறளக் கத்தினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கேட்டான்: "நாமளும் ஒரு வண்டி வாங்கி ஓட்டினா என்னப்பா?"

அம்மா போன பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் ஆசை. எந்த அப்பனுக்கு மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழும்?

பிறகு ஞாயிறு தவறாமல் வண்டி வேட்டை. காக்ஸ் டவுனில், சீமைக்குக் கப்பலேறப் போகிற ஒருவர் ஹெரால்டு கார் ஒன்றை விற்கத் தயாராக இருந்தார். பெடலைத் தொட்டாலே சீறுகிற வண்டி. கேசவன் அவசரமாகக் கீழே இறங்கி, "இது வேண்டாம்பா, விலை ஜாஸ்தி" என்றான். தன் பென்ஷனை நினைத்துத்தான் பிள்ளை ஆசையை அடக்கிக்கொள்கிறான் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

கடைசியில் ஒரு டாக்டர் வெகு காலம் நிதானமாக ஓட்டிய இந்த மோரிஸ் கிடைத்தது. பார்த்த மாத்திரத்தில், "இதுவே போறும்பா" என்றான். மலிவான வண்டி, அதைவிட முக்கியம், மெதுவான வண்டி. அவரும் மனசுக்குள் பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அந்த நிம்மதி அடுகோடியில் இருக்கிற இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வரும்வரைதான். பம்பர் போனது, ஸ்டெப்னி போனது, தரைக் கம்பளம் போனது. அடிபட்டால் கண்ணாடி சிதறக்கூடாது என்று விளக்குகளின் மேல் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். காயம்பட்ட ஆள் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பையனோ, அவருக்குத் தெரியாமல் ஆபீஸ் விட்டதும் நேரே இங்கே வந்து போகிற அளவுக்கு ஆகிவிட்டான். போன வாரம் அவன் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை பார்த்தவர்தான். அதன் பிறகு அவருக்கு ஒழுங்கான தூக்கமே இல்லை.

"காபி வாங்கிண்டு வரேம்பா" என்று கேசவன் பிளாஸ்கோடு தெருவில் இறங்கினான். அவன் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீனிவாசராகவன் சீட்டை விட்டு மெல்ல எழுந்தார்.

"மேஸ்திரி, ஒரு உபகாரம் பண்ணணும். தப்பா நினைச்சுக்கப்படாது."

"சொல்லுங்க சார்."

"எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் பாதி வேகத்தைத் தாண்டாதபடி வண்டியைப் பண்ண முடியுமா?"

பச்சைமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் ஆவும் சார். கார்புரேட்டருக்கு அடியில சின்ன ஓட்டை போட்ட தகடு ஒண்ணு சொருவிட்டா, தானா அடங்கிடும். ஆனா, ஸ்வல்ப இருங்க, எடையக் குறை, எடையக் குறைன்னு நீங்கதானே இவ்ளோ நேரம் சொன்னீங்க?"

"வாய்தானே சொல்லித்து?" அவர் தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான். ஆசையாக் கேட்டுட்டான், தடுக்க மனசு வரலை. ஆனா வேகம்னாலே எனக்குப் பயம். கடைசியா வந்தாலும் வரட்டும், முழுசா வரணும். அவன் காதுல விழாம அந்தத் தகடைப் போட்டுடுப்பா. உனக்குக் கோடி புண்ணியம்."

பச்சைமுத்து பெரிய பேஜாரில் மாட்டிக்கொண்டவர்போலத் தலையைச் சொறிந்தார். தெருமுனையில் பிளாஸ்கோடு கேசவன் திரும்பி வருவது தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தத் தகடு போன வாரமே உள்ள போயாச்சு சார். 'அப்பா ரொம்ப ஆசைப்படறாரு, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல மனசு வரலை'ன்னு தம்பிதான் போடச் சொல்லிச்சு."