வாசற்கல்

தன் சமாதி மடாலய வாசலுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், போகிறவர் வருகிறவர் எல்லாம் தன் நெஞ்சை மிதித்துப் போனால்தான் பாவம் தீரும் என்று ஜார்ஜிய அரசர் ஓதார் முடிவு செய்திருந்தார். சமாதிக் கல்லுக்கு அளவு கொடுக்க அவரே வாசலில் மல்லாந்து படுத்தார். படுத்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஒருவராவது மிதிக்கட்டும் என்று கிடந்தார். பிரபுக்கள் பதறிப்போய்ச் சுவரேறிக் குதித்தார்கள். ஊரையே மிதித்துப் பழகிய கால்கள்தான், அரசர் என்றதும் கூசின.

மடாலயத்துக்குப் பால் கொடுக்கும் மக்வாலா ஆடுகளோடு வந்தாள். அவளுடைய மகன்கள் இருவரும் அவர் நடத்திய போர்களில் செத்தவர்கள்.

"எந்திரிங்க ராசா. ஆடு உள்ள போகணும்."

"மிதிச்சுட்டுப் போம்மா. உனக்கு இல்லாத உரிமையா?"

"நல்லா இருக்கே! பெத்துக் குடுத்ததும் நாங்க, பொதைச்சதும் நாங்க. இப்ப உங்க பாவத்தையும் நாங்கதான் மிதிச்சுத் தொவைக்கணுமா?"

அரசர் கண்களை மூடிக்கொண்டார். இமையோரத்திலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது.

அவள் ஆடுகளை விரட்டினாள். குளம்புகள் அவர்மேல் ஏறி இறங்கின. குளிரில் நடுங்கிக்கொண்டு கடைசியாக வந்த குட்டி மட்டும், நெஞ்சுச் சூடு கண்டதும் அங்கேயே சுருண்டுகொண்டது. அரசர் மூச்சை மெல்ல விட்டார். மக்வாலா ஓங்கிய கோலை இறக்கினாள்.

"எந்திரிச்சிராதீங்க," என்றாள் எரிச்சலோடு. "அது தூங்குது."